பச்சை மனிதன் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நம் சிங்கப்பூரில் நகரச் சாலைகளை வடிவமைக்கும்போது முதலிடம் வாகனங்களுக்கா, நடப்பவர்களுக்கா? நடப்பவர்களுக்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

சாலையைக் குறுக்கினால் பேருந்து தாமதமாகும், சரக்கு தேங்கும் என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அந்தப் பேருந்தில் ஏறுகிறவர் நிறுத்தத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்? நடந்துதானே! பென்கூலன் ஸ்திரீட்டைப் போய்ப் பாருங்கள். 2017இல் அங்கே நான்கு தடங்களில் இரண்டை எடுத்து நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் கொடுத்தார்கள். பேருந்து இன்றைக்கும் அந்த வழியாகத்தான் போகிறது.

நடப்பவருக்கு முன்னுரிமை என்பது நேற்று வந்த மோகம் என்றும் சொன்னார். தேக்கா வட்டாரத்தில் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைவழியில் நடக்காதவர் இந்த அவையில் உண்டா? கடைவீடுகளின் முன்னால், தெருவின் இரு பக்கமும், கூரையோடு தொடர்ச்சியாக நடைவழி விட வேண்டும் என்று 1822இலேயே, நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் உத்தரவிட்டார். அப்போது உலகத்தில் மோட்டார் காரே கிடையாது. வெயிலிலும் மழையிலும் நடக்கிறவனை நினைத்து எழுதிய விதி அது. நம் ஊர்த் தெருக்களின் முதல் அளவுகோலே அதுதான்!

இப்போது ஒரு சிக்னலுக்கு வாருங்கள். ஈரச்சந்தையிலிருந்து ஒரு பாட்டி தள்ளுவண்டியோடு வருகிறார். பொத்தானுக்கு மேலே இருக்கும் கருவியில் தம் மூத்தோர் அட்டையைத் தொடுகிறார். சாலையைக் கடக்கலாம் என்று காட்டும் விளக்கில் பச்சை மனிதன் கூடுதலாக 3 முதல் 13 வினாடி வரை நிற்கிறான். 2009இல் தொடங்கிய கிரீன் மேன் பிளஸ் திட்டம் இது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பக்கத்திலேயே ஒரு கர்ப்பிணி நிற்கிறார், காலில் மாவுக்கட்டோடு ஒருவர் நிற்கிறார், கையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு ஒரு தாய் நிற்கிறார். இவர்களிடம் அந்த அட்டை இல்லையே! மெதுவாக நடக்கிறவர் அட்டை காட்டிக் கேட்டு வாங்க வேண்டும், வேகமாக ஓட்டுகிறவருக்குக் கேட்காமலே கிடைக்கும். இது என்ன நியாயம், நடுவர் அவர்களே?

மூத்தோர் அதிகம் வாழும் வட்டாரங்களில் 2014 முதல் சில்வர் ஸோன் அமைக்கிறார்கள். தடம் குறுகுகிறது, சாலை வளைகிறது, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு கிடைக்கிறது. ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைக்கிறார். அறிவிப்புப் பலகையும் அபராதமும் செய்யாததைச் சாலையின் வடிவம் செய்கிறது. அதை ஏன் சில வட்டாரங்களோடு நிறுத்த வேண்டும்?

இடம் இல்லை என்பார்கள். இந்தச் சின்னத் தீவின் நிலத்தில் வீடுகளுக்கு ஏறத்தாழ 14 விழுக்காடு, சாலைகளுக்கு 12 விழுக்காடு. குடியிருக்கும் இடத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சாலைக்குக் கொடுத்துவிட்டோம். கார் எண்ணிக்கை இனி வளரக் கூடாது என்று 2018 பிப்ரவரியிலிருந்து வளர்ச்சி விகிதத்தைச் சுழியமாக்கியும் விட்டோம். வளராத கார்களுக்காக இன்னும் எத்தனை அடி அகலம் கேட்கப் போகிறீர்கள்?

எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருகிறவர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். அந்தக் கூடுதல் வினாடிகளை, அட்டை கேட்காமல், எல்லாச் சிக்னலிலும் எல்லாருக்கும் கொடுத்தால் உங்கள் கார் வீட்டுக்கு எவ்வளவு நேரம் தாமதமாகப் போய்ச் சேரும்?