ஆறு வயரும் ஒரு தட்டும்

வணக்கம். இந்த உரைக்காக என்னை அழைத்தபோது வானொலி நிலையத்தில் கேட்ட கேள்வி இது: சிடியைவிட உயர்ந்த தரத்தில் இசையைப் பதிந்து தருகிற தட்டுகள் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டதே, இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாராவது அதை ஏறெடுத்துப் பார்க்கிறார்களா? நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருபது வருடத்துக்கும் மேலாக ஆம்ப்ளிஃபையர், சிடி பிளேயர், டெக் எல்லாம் பழுது பார்க்கிறவன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டை அவர்கள் பார்ப்பதில்லை, அது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு "இந்தப் பிள்ளைகளுக்குக் காதே கிடையாது, எது கிடைத்தாலும் கேட்கும்" என்று என் வயதுக்காரர்கள் கடையில் வந்து பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எந்தத் தட்டைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கி விடுகிறேன். நமக்கெல்லாம் தெரிந்த சிடி 1982இல் விற்பனைக்கு வந்தது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில், அதாவது பூஜ்யமும் ஒன்றுமான 16 இலக்கத்தில், எழுதி வைப்பது அது. 1999இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சூப்பர் ஆடியோ சிடி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், சுருக்கமாக எஸ்ஏசிடி. அது ஒலியை எழுதுகிற விதமே வேறு. ஒரே ஒரு பிட், ஆனால் நொடிக்கு 28 லட்சம் தடவைக்கும் மேல், கணக்காகச் சொன்னால் சிடியைப் போல 64 மடங்கு வேகம். அடுத்த வருடமே டிவிடி ஆடியோ என்று போட்டிக்கு இன்னொரு தட்டு, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 1,92,000 அளவுகள் வரை. ஒன்றை வாசிக்கிற பிளேயர் பெரும்பாலும் மற்றதை வாசிக்காது. கடைக்கு வருகிறவர்களிடம் இதை விளக்கிச் சொல்வதற்குள் அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

எஸ்ஏசிடியில் ஒரு அழகான வேலைப்பாடு உண்டு. ஹைப்ரிட் தட்டு என்பார்கள். தட்டின் உள்ளே இரண்டு அடுக்கு. அடியில் பாதி ஆழத்தில் உயர்தர அடுக்கு, அதற்கு மேலே, அச்சடித்த பக்கத்தை ஒட்டி, சாதாரண சிடி அடுக்கு. சிடி பிளேயரின் லேசருக்கு அலைநீளம் 780 நானோமீட்டர், அது முதல் அடுக்கைக் கண்ணாடி போல ஊடுருவிப் போய்விடும். எஸ்ஏசிடி பிளேயரின் லேசர் 650 நானோமீட்டர், அதற்கு அதே அடுக்கு கண்ணாடியாக இல்லாமல் சுவராக நிற்கும், பட்டுத் திரும்பும். ஒரே தட்டு, எந்த லேசர் படுகிறதோ அதற்கேற்ற பாட்டு. முதல் தடவை இதைப் புரிந்துகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் இதே அழகு அந்தத் தட்டுக்கு உதவாமலும் போனது. 2002இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பழைய ஆல்பங்கள் ஹைப்ரிட் தட்டாக வந்தன, வாங்கியவர்களில் எத்தனையோ பேர் வீட்டிலிருந்த சிடி பிளேயரில் போட்டுக் கேட்டுவிட்டு, உள்ளே இன்னொரு அடுக்கு இருப்பதே தெரியாமல் அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

சரி, யார் இதைக் கைவிட்டது? இன்றைக்கு இருபது வயதில் இருக்கிற பிள்ளைகளா? அவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. 1999இல் இளைஞர்களாக இருந்தது நாங்கள். எஸ்ஏசிடி வந்த அதே வருடம் இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் வந்தது, 2001இல் ஐபாட் வந்தது, நம்மூரில் பிளாட்பாரத்தில் நூறு நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்பி3 சிடி மலிவாகக் கிடைத்தது. சிடியைவிட மட்டமான ஒலி என்று தெரிந்தேதான் நாங்கள் அந்தப் பக்கம் போனோம். ஏனென்றால் பாட்டு நம்மோடு பஸ்ஸில் வந்தது, மொட்டை மாடிக்கு வந்தது. தட்டு ஹாலைவிட்டு நகரவில்லை.

நகராததற்கும் காரணம் உண்டு. கம்பெனிகளுக்கு நகலெடுத்து விடுவார்கள் என்ற பயம். அதனால் ஆரம்பத்தில் வந்த பிளேயர்களில் உயர்தர ஒலியை டிஜிட்டலாக வெளியே எடுக்க வழியே வைக்கவில்லை, அனலாக்கில்தான் எடுக்க வேண்டும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி வயர். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்து சரவுண்டில் கேட்க வேண்டுமானால் முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு, சப்வூஃபருக்கு ஒன்று என்று ஆறு வயர். 2005 வாக்கில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இதை மாட்டப் போனேன். சுவரோடு ஒட்டிய ஷோகேஸ், பின்னால் கை நுழைகிற அளவுதான் இடம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, எந்த சிவப்பு எந்தச் சிவப்புக்குப் போகிறது என்று தடவித் தடவி மாட்டி, ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து போட்டால் வயலின் பின்பக்கம் வாசிக்கிறது, பாடகி சப்வூஃபருக்குள் முனகுகிறார். மறுபடி உள்ளே. அந்த வீட்டில் அப்போது ப்ளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன் இருந்தான். நான் இரண்டாவது தடவை ஷோகேஸுக்குப் பின்னால் போனபோது அவன் காதில் இயர்போனை வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அவன்மேல் எனக்கு அன்றைக்கும் வருத்தமில்லை.

இளைஞர்கள் பக்கம் இந்தத் தட்டு தானாகப் போய்ச் சேர ஒரு வாய்ப்பு வந்தது. 2006 கடைசியில் வந்த முதல் பிளேஸ்டேஷன் 3 எஸ்ஏசிடியை வாசிக்கும். விளையாடுகிற பிள்ளைகள் வீட்டுக்குள், அவர்கள் காசில், பிளேயர் நுழைந்துவிட்டது. பிறகு வந்த மாடல்களில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அடுத்தது, இந்தத் தட்டில் கேட்கும்படியான வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறதா என்ற கேள்வி. 2007இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்று இரண்டு பேர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ தட்டுகளை ஓடவிட்டு, நடுவில் ஒரு சுவிட்ச் மூலம் அதே ஒலியை சிடி தரத்துக்கு இறக்கித் தந்தார்கள். எது எது என்று கேட்பவருக்குத் தெரியாது. 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டாலும் இதேதான் வரும். அப்புறம் 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார், 12,500 தடவைக்கும் மேல் நடந்த சோதனைகள். அதில் 52.3 சதவீதம் சரி. முன்கூட்டியே பயிற்சி கொடுத்துக் கேட்க வைத்தவர்கள் 60 சதவீதத்தை ஒட்டி வந்தார்கள். ஆக, இருக்கிறது, ஆனால் நூலிழை அளவு, அதையும் பழகிய காது தேடிப்போய்ப் பிடிக்க வேண்டும்.

ஆனால் மேயரும் மோரனும் இன்னொன்றையும் எழுதினார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த உயர்தரத் தட்டுகள் பொதுவாகவே சாதாரண சிடிகளைவிட நன்றாக ஒலித்தன, சிடி தரத்துக்கு இறக்கிய பிறகும் நன்றாகவே ஒலித்தன. காரணம், அவற்றை நிதானமாக, கவனமாக மாஸ்டரிங் செய்திருந்தார்கள், அதாவது வெளியிடுவதற்கு முன் ஒலியைச் சீர்செய்கிற கடைசி வேலை. காரில் சத்தமாகக் கேட்க வேண்டும், ரேடியோவில் மற்ற பாட்டை அமுக்க வேண்டும் என்று ஒலியை நசுக்கித் தட்டையாக்கவில்லை. மெதுவான இடம் மெதுவாகவே இருந்தது. இதை நான் என் வீட்டில் அனுபவித்திருக்கிறேன். ஹைப்ரிட் தட்டின் இரண்டு அடுக்கிலும் மாஸ்டரிங் ஒன்றாகவே இருந்தால், என்னால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அதே ஆல்பத்தின் பழைய நசுக்கிய சிடியைப் போட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன். பிட்டும் கிலோஹெர்ட்ஸும் அட்டையில் அச்சடிக்க வசதியாக இருந்தன, விற்றார்கள். அந்த மாஸ்டரிங் செய்த மனிதரின் பொறுமையை அட்டையில் எப்படி அச்சடிப்பது?

போன தீபாவளிக்கு என் அக்கா மகள் வந்திருந்தாள், வயது இருபத்தொன்று. என் தட்டு அலமாரியைப் பார்த்து "மாமா, இதெல்லாம் என்ன, சிடியா?" என்றாள். உட்கார வைத்தேன். செலோ மட்டும் தனியாக வாசிக்கிற ஒரு எஸ்ஏசிடி. போடுவதற்கு முன் ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். சென்னையில் இதைச் செய்யாமல் இந்தத் தட்டைப் பற்றிப் பேசுவதே வீண். 16 பிட்டிலேயே மிக மெதுவான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி இருக்கிறது, ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் அதில் அடிப்பகுதியை முழுசாக விழுங்கிவிடும். இதில் 24 பிட்டை எங்கே கேட்பது.

இரண்டு நிமிடம் போயிருக்கும், "அவர் மூச்சு விடுறது கேக்குது மாமா" என்றாள். கேட்கிறதுதான். வில்லைத் திருப்புகிற இடத்தில் வாசிப்பவர் மூக்கால் ஒரு மூச்சு இழுக்கிறார், நான் பத்துத் தடவை கேட்ட பிறகு கவனித்தது அது. அப்புறம் விளையாட்டாக, வேண்டிய சுருதியில் ஒலி எழுப்புகிற ஒரு டோன் ஜெனரேட்டரை வைத்து, எவ்வளவு உயர்ந்த சுருதி வரை கேட்கிறது என்று இருவர் காதையும் பார்த்தோம். எனக்கு நாற்பத்தெட்டு வயது, 13 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிட்டது. அவளுக்கு 17 வரை கேட்டது. இந்தத் தட்டுகள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மேல் சுருதிகள் எதையாவது ஒரு காது பிடிக்கும் என்றால் அது அவள் காதுதான். தட்டு வாங்கக் காசும் அறையும் இருப்பதோ என் வயதுக்காரர்களிடம்.

அவள் அடுத்துக் கேட்டது: "இது ஏன் என் போன்ல வராது?" வருகிறது என்றேன். 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணம் இல்லாமலே லாஸ்லெஸ், அதாவது எதையும் இழக்காத ஒலியைக் கொடுத்தது, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை. எஸ்ஏசிடி விடாமல் வெளியிட்டுக்கொண்டிருந்த ஸ்வீடனின் பிஸ் என்ற கம்பெனியையே 2023இல் ஆப்பிள் வாங்கிவிட்டது. தட்டுக்குள் இருந்தது போனுக்குள் வந்தாயிற்று. இடையில் ஒரே தடங்கல், காதில் இருக்கிற வயரில்லாத இயர்பட்ஸ். சிடியின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். சாதாரண ப்ளூடூத்தில் போவது 300 சொச்சம். போனில் எவ்வளவு உயர்ந்த தரத்தில் இறக்கினாலும் காதுக்குப் போகிற வழியில் சுருக்கப்பட்டுதான் போகிறது. இதைச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வை, நான் ஏமாற்றிவிட்டது போல இருந்தது.

கடைக்கு வருகிற பையன்கள், பெண் பிள்ளைகளிடம் இதை விளக்க வேண்டியதே இல்லை. ஐஇஎம் என்று வயர் வைத்த இயர்போன், ஆயிரத்து ஐந்நூறு இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்குகிறார்கள், போனில் செருக, டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றித் தருகிற ஒரு சின்ன டாக் டாங்கிள். எந்த சிலிக்கான் டிப் போட்டால் பேஸ் கூடும், எந்த மாடலின் கிராஃப் எங்கே மேடு தட்டுகிறது என்று எனக்கே சொல்லித் தருகிறார்கள். இருபது வருடம் முன்பு நான் ஸ்பீக்கர் வயரின் கனத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியது போலத்தான் பேசுகிறார்கள். இவர்களுக்கா ஒலியில் அக்கறை இல்லை?

வினைல், அதாவது பழைய பெரிய இசைத்தட்டின் கதையையும் பாருங்கள். அமெரிக்காவில் 2022இல் வினைல் 4 கோடியே 10 லட்சம் விற்றது, சிடி 3 கோடியே 30 லட்சம்தான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது அப்போதுதான். வாங்குகிறவர்களில் இளைஞர்கள் நிறைய. ஒலி அளவுகோலில் வினைல் எஸ்ஏசிடிக்குப் பக்கத்தில் நிற்காது, ஆனால் ஒரு அடிக்குச் சற்றே கூடின அட்டை, படம், கையில் கனம், சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது. எஸ்ஏசிடியை எடுத்து ஒரு பிள்ளை கையில் கொடுத்தால் அது சிடி மாதிரிதான் இருக்கும். இவ்வளவு வேலைப்பாட்டையும் உள்ளே ஒளித்து வைத்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு தட்டாக வெளியே விட்டார்கள்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. உலகில் 100 கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் அளவுக்கு மீறிய சத்தத்தில் கேட்டுக் காதைக் கெடுத்துக்கொள்ளும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரயிலில், பஸ்ஸில், வெளிச் சத்தத்தை மீற வேண்டி வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஐஇஎம் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்கிறேன், காதில் சரியாக அடைக்கிற டிப்பை எடுத்துக் கொடுக்கிறேன், வெளிச் சத்தம் குறைந்தால் வால்யூம் தானாகக் குறையும். தட்டு வாங்கச் சொல்லி இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அக்கா மகள் ஊருக்குக் கிளம்பும்போது அந்த செலோ தட்டைக் கேட்டாள். "உன்கிட்ட பிளேயர் இல்லையே" என்றேன். "அப்பாவோட பழைய கார்ல சிடி போடலாம்ல?" என்றாள். போடலாம், ஹைப்ரிட்தானே, சிடி அடுக்கு ஓடும். துணியால் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். போகிற வழியில் திண்டிவனம் தாண்டும்போது போன் செய்தாள், காரில் மூச்சு கேட்கவில்லையாம், ஏசியை நிறுத்தச் சொன்னேன்.