கல் கிடைத்த ஊரும் கல் கிடைக்காத ஊரும்

வணக்கம் நேயர்களே.

பல்லவர், சோழர், ஹொய்சாளர் என்று அரச வம்சத்தின் பெயரைச் சொல்லித்தான் கோயில்களைப் பற்றிப் பேசிப் பழகியிருக்கிறோம். அரசனைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊர் மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே என்ன கல் கிடைத்தது, எவ்வளவு மழை பெய்தது என்று தெரிந்துகொண்டால், கட்டடம் ஏன் அப்படி இருக்கிறது என்பது பெருமளவு விளங்கிவிடும்.

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிரவணபெளகொளாவில் இருப்பது கருங்கல் குன்று. அதன் உச்சிப் பாறையிலேயே 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய சமணத் துறவி கோமடேஸ்வரர் 57 அடி உயரத்துக்கு நிற்கிறார். உடம்பில் ஒரு நகை இல்லை. துறவிக்கு நகை எதற்கு என்பீர்கள், நியாயம்தான். ஆனாலும் அந்த அகன்ற தோளும் வழவழப்பான மார்பும் கருங்கல்லுக்கே வாய்த்த அழகு.

அதே மாவட்டத்தில்தான் பேளூரும் இருக்கிறது. 1117இல் ஹொய்சாள அரசன் விஷ்ணுவர்தனன் எடுத்த சென்னகேசவர் கோயில் மாக்கல்லில் ஆனது. நம் பாட்டிமார் குழம்பு வைத்த கல்சட்டியும் இந்த இனத்துக் கல்தான். வெட்டியெடுத்த புதிதில் உளிக்கு இணங்கிக் கொடுக்கும். காற்றும் வெயிலும் பட்டபின் இறுகிவிடும். தூண்களைக் கடைசல் பிடித்தாற்போல் சுழற்றியே கடைந்திருக்கிறார்கள். வளையம் வளையமாக, கத்தி முனைபோன்ற விளிம்புகள்! மதனிகை எனப்படும் அழகு மங்கையர் சிற்பங்களில் தலைக்கு மேல் படரும் கொடிப்பந்தலின் இலைகளுக்குப் பின்னாலும் உளி புகுந்து வந்திருக்கிறது. தாசோஜன், அவர் மகன் சாவணன் போன்ற சிற்பிகள் தங்கள் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். கருங்கல்லில் இவ்வளவு நுணுக்கம் முடியாது என்றில்லை. அதற்குத் தலைமுறைகள் தேவைப்பட்டிருக்கும்.

கல்லே கிடைக்காத ஊர்களும் உண்டு. வங்காளத்தின் பெரும்பகுதி ஆற்று வண்டல். விஷ்ணுபூரில் மல்ல அரசர்கள் பல கோயில்களைக் களிமண்ணைச் சுட்டே கட்டினார்கள். 1643இல் எழுந்த சியாம் ராய் கோயிலில் சுவர் முழுக்கச் சுடுமண் பலகைகள். கிருஷ்ண லீலையும் ராமாயணமும் அவற்றில் உயிரோடு இருக்கின்றன. 1655இல் வந்த ஜோர் பங்களா கோயிலின் கூரை, இரண்டு ஓலைக் குடிசைகளை ஒட்டி வைத்த வடிவம். மூங்கிலை வளைத்துக் கூரை போட்டால் மழைத் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். அந்த வளைவைச் செங்கல்லில் அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். முகலாயர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. லாகூர்க் கோட்டையில் ஷாஜகான் கட்டிய நௌலக்கா மண்டபத்தில் அதே வளைவு வெள்ளைச் சலவைக்கல்லில் இருக்கிறது.

கேரளத்தின் சரிந்த கூரைகளுக்கும் மழைதான் காரணம். இமாசலத்தில் தேவதாரு மரத்தையும் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுவர் எழுப்புவார்கள். நிலம் அதிர்ந்தால் சுவரும் இசைந்து கொடுக்கும்.

நம் காவிரி டெல்டாவும் வண்டல் பூமிதான். அங்கே பழைய கோயில்கள் பல செங்கல் தளிகளாகவே, அதாவது செங்கல் கோயில்களாகவே இருந்தன. சோழ அரசி செம்பியன் மாதேவி அவற்றில் பலவற்றைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக மாற்றினார். அதற்குப் பிறகு ராஜராஜன் 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தார். அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்து வந்தது. வெட்டியவர்கள், இழுத்தவர்கள், அவர்களுக்குச் சோறு போட்ட டெல்டா நெல், எல்லாம் சேர்ந்துதான் அந்த விமானம். அடுத்த முறை தஞ்சைக்குப் போகும்போது விமானத்தை அண்ணாந்து பார்த்த கையோடு ஊரையும் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு கருங்கல் குன்றுகூடக் கண்ணில் படாது.

நன்றி, வணக்கம்.