கைராசியைக் குறை சொல்லாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். படியேறி வரும்போதே இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "சார், எனக்குக் கைராசியே கிடையாது. நான் வைத்தால் துளசிகூடப் பட்டுப்போகும்" என்கிறார் ஒருவர். மாடித்தோட்டம் போடும்போது அதைச் சரிசெய்வது எப்படி என்றுதான் பேச வந்திருக்கிறேன்.

நானும் அப்படி நினைத்தவன்தான். பணி ஓய்வு பெற்ற வருஷம், அழகர் ஆற்றில் இறங்கி முடிந்த வாரம், ஒரே நாளில் செடி வளர்க்கும் பை 30 வாங்கி மாடியில் அடுக்கினேன். பாதிக்கு மேல் தக்காளி. மதுரையில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் இலை துவண்டு தொங்கும். மனசு கேட்காமல் ஒரு குடம் ஊற்றுவேன். காலையில் ஊற்றியதும் உண்டு, சாயங்காலம் ஊற்றப்போவதும் உண்டு. பூத்தது, பூவெல்லாம் கொட்டியது, வைகாசி கடைசிக்குள் முக்கால்வாசி செடி போய்விட்டது. பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேர் கறுத்துப்போய், சாக்கடை நாற்றம். தண்ணீர் போதாமல் செத்தது என்று நினைத்திருந்தேன், மூழ்கடித்திருக்கிறேன்.

மதியத்தில் இலை துவளுவது அந்த நேரத்து வெயிலுக்காகவும் இருக்கும். சாயங்காலம் தானே நிமிர்ந்துவிட்டால் அதற்குத் தாகமில்லை. தண்ணீர் வேண்டுமா என்று தெரிய ஆள்காட்டி விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் வாளியைக் கீழே வைத்துவிடுங்கள். என் கைராசி அந்த இரண்டு கணுதான், வேறொன்றுமில்லை.

அடுத்து, மண். திருமங்கலம் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒரு மூட்டை கரிசல் கொண்டுவரச் சொல்லத் தோன்றும். வேண்டாம். வயலில் அது தங்கம். தொட்டியில் தண்ணீர் பட்டால் களியாகும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க் கழிவைக் கட்டியாக வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீர் அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். நம் போர் தண்ணீரிலேயே போதுமான உப்பு இருக்கிறது, இதையும் சேர்க்க வேண்டாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரும் அப்படித்தான். அரிசி கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.

தொட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். பெயின்ட் வந்த 20 லிட்டர் வாளி போதும். கம்பியைச் சூடுபண்ணி அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளத்தில் ஈரம் தங்காது. நனைந்த வாளி 20 கிலோவைத் தாண்டும் என்பதால் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, உத்தரம் போகிற வழியில் பரப்பி வைப்பது நல்லது. பழைய வீடாக இருந்தால் கட்டடம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதனால் காய்கறிச் செலவு குறையும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். மாட்டுத்தாவணிச் சந்தையில் மலிகிற நாளில் கத்தரிக்காய் விற்கும் விலைக்கு நம்மால் விளைவிக்க முடியாது. ஆனால் சோற்றை வடித்துவிட்டு மாடியேறி நாலு கொத்து கறிவேப்பிலையும் ஒரு பிடி புதினாவும் கிள்ளி வருகிற சுகம் வேறு. புதினாவுக்கு விதையே வேண்டாம், கடைக் கட்டில் தடித்த தண்டாகப் பார்த்து நட்டால் போதும். அரைக்கீரை, தண்டுக்கீரை 25 நாளில் கைக்கு வரும். முதல் தடவைக்கு இவற்றைத்தான் சொல்வேன்.

2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லியையும் பெரிய தொட்டியில் வைக்கலாம். கார்த்திகைக் கடைசியில் கிளைகளை யோசிக்காமல் வெட்டிவிட வேண்டும். வெட்ட மனசு வராதவர்கள் வீட்டில் இலைதான் பூக்கும்.

பூச்சி வரும். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி அப்பியிருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். அந்தப் பூச்சி கசிகிற இனிப்புக்காக எறும்பே அதற்குக் காவல் நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியில் அடியுங்கள்.

சரி, எப்போது தொடங்குவது? என்னைப் போல் சித்திரையில் தொடங்காதீர்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? ஆடியில் நாற்று விட்டால் ஆவணியில் எடுத்து நடலாம், ஐப்பசி மழைக்குள் கத்தரி காய்க்கத் தொடங்கிவிடும். வெண்டையை மட்டும் நேரே வாளியில் ஊன்றுங்கள், இடம் மாற்றினால் அதற்குப் பிடிக்காது.

படிக்கட்டு ஓரத்தில் ஒரு தட்டில் கத்தரி நாற்று வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு. மூன்றாவது கேட்டால் தரமாட்டேன், அந்த 30 பை இன்னும் எனக்கு மறக்கவில்லை. துளசி பட்டுப்போகிறது என்ற அம்மா, நீங்கள் முதலில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.