அம்மியும் நகரும்: டப்ஸ்டெப் பற்றி ஒரு பேச்சு

(நூலக வாசகர் வட்ட மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, முன்னிலை வகிக்கும் கவுன்சிலர் அவர்களே, எனக்கு ஏழாம் வகுப்பில் அறிவியல் சொல்லிக்கொடுத்து, இன்றைக்கும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, கோயில் கொடைவிழாக் கமிட்டிப் பெரியவர்களே, ரேடியோ செட் தொழிலில் இருக்கும் சகோதரர்களே, கடைசி வரிசையில் நிற்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய கவுன்சிலர் அவர்களுக்கு நன்றி. இன்று காலையில் அவர் வீட்டில் ஒரு விசேஷம். பாதியில் கிளம்பி வந்திருக்கிறார். நூலகர் அம்மா தன் கையாலேயே நாற்காலிகளை எடுத்துப் போட்டதைப் பார்த்தேன். அவர்களுக்கும் நன்றி.

போன மாதம் தலைவர் அண்ணாச்சி என் கடைக்கு வந்து, “எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசும் வே, உமக்குத் தெரிந்ததைப் பேசும்” என்றார். 32 வருஷமாக விசேஷங்களுக்கு ரேடியோ செட், அதாவது மைக்கும் ஒலிபெருக்கியும் போடுகிறவன் நான்; எனக்குத் தெரிந்தது சத்தம். அதனால் டப்ஸ்டெப் என்கிற லண்டன் ஆட்ட இசையைப் பற்றிப் பேச வந்தேன். மூன்று செய்திகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, அது பிறந்த கதை. இரண்டு, அந்தச் சத்தம் உண்டாகிற விதம். மூன்று, அமெரிக்காவுக்குப் போன பிறகு அது எப்படி மாறியது என்பது. அதற்கு அப்புறம் ஒரு வேண்டுகோள்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று எங்கள் ஆச்சி சொல்லும். விடாமுயற்சிக்குச் சொன்ன பழமொழிதான். ஆனால் சத்தத் தொழிலில் இருப்பவனுக்கு அதில் இன்னொரு பொருளும் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஜமைக்காவில் கிங்ஸ்டன் என்கிற ஊரில் கிங் டப்பி என்று ஒருவர் இருந்தார். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவர். நம்ம தொழில்காரர். 1960-கள் முடிந்து 70-கள் பிறக்கிற காலத்தில், ரெகே என்கிற அந்த நாட்டுப் பாட்டிலிருந்து பாடுபவரின் குரலை இறக்கிவிட்டு, பேஸ் என்கிற கீழ்ச்சத்தத்தையும் டிரம்மையும் முன்னால் கொண்டுவந்தார். நடுநடுவே எக்கோவை அவிழ்த்துவிட்டார். அதற்குப் பெயர் டப். ஜமைக்கா மக்கள் பிழைப்புத் தேடி லண்டனுக்குக் கப்பல் ஏறிப் போனவர்கள். அவர்களோடு சவுண்ட் சிஸ்டம் என்கிற அவர்கள் ஊர் ரேடியோ செட்டும் போயிற்று. நம்ம ஊர்க்காரர்கள் வெளியூர் போகும்போது குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்துப் போவார்களே, அந்த மாதிரி.

அப்புறம் தெற்கு லண்டனில் குரோய்டன். அங்கே பிக் ஆப்பிள் என்று ஒரு இசைத்தட்டுக் கடை. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்தக் கடையைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. ஹாட்சா என்பவர் அங்கே தட்டு விற்றார். ஸ்க்ரீம், பெங்கா என்கிற இருவர் பள்ளிக்கூட வயசுப் பையன்கள். அப்போது லண்டனில் ‘கராஜ்’ என்று ஒரு ஆட்ட இசை நடந்துகொண்டிருந்தது. அதிலிருந்து பாட்டை நீக்கினார்கள், பளபளப்பை நீக்கினார்கள், பேஸையும் இருட்டையும் மட்டும் மிச்சம் வைத்தார்கள். ஸ்க்ரீம் பெரிய ஸ்டுடியோ எதற்கும் போகவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ரூட்டி லூப்ஸ் என்கிற மென்பொருளை வைத்துக்கொண்டு செய்தார். 2002-இல் ஒரு அமெரிக்க இசைப் பத்திரிகையில் டப்ஸ்டெப் என்ற பெயர் அச்சில் வந்தது. 2005-இல் மாலா, கோக்கி, லோஃபா என்பவர்கள் பிரிக்ஸ்டனில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் டிஎம்இசட் என்று ஒரு இரவு நிகழ்ச்சி தொடங்கினார்கள். பேஸின் எடையில் தியானம் செய்ய வாருங்கள் என்பதுதான் அவர்கள் அழைப்பு. முதல் ஆண்டு நிறைவன்று வாசலில் சுமார் 600 பேர் வரிசையில் நின்றதால் பெரிய கூடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கடைப் பையன்கள் ஆரம்பித்த காரியம் இது. அடி மேல் அடி அடித்தார்கள், அம்மி நகர்ந்தது.

சரி, சத்தத்துக்கு வருவோம். டப்ஸ்டெப்பின் வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 140 தாள அடி. கேட்டால் அவ்வளவு வேகமாகத் தெரியாது. நாலடியில் மூன்றாவது அடியில்தான் ஸ்நேர் என்கிற டிரம்மின் அடி விழும். அதனால் காதுக்கு 70 மாதிரி இருக்கும். வேகமும் நிதானமும் ஒரே நேரத்தில் நடக்கும். அதற்குக் கீழே சப்-பேஸ் என்கிற ஆகக் கீழான சத்தம், 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வு. மனிதக் காதுக்குக் கேட்பது 20-இல்தான் தொடங்குகிறது என்று ஐயா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆக, இது காதின் கீழ்ப்படி. 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 28 அடி. இந்த அறைக்குள் ஒரு முழு அலை அடங்காது. நெஞ்சுக்கூட்டில்தான் அதைக் கேட்க வேண்டும்.

அந்த பேஸ் சும்மா நீளமாக நிற்காது, ‘வவ் வவ் வவ்’ என்று புரளும். வாபிள் என்பார்கள். சத்தத்தை வடிகட்டுகிற ஒரு ஃபில்டரைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். அப்படித் திறந்து மூடுகிற கை, எல்எஃப்ஓ என்கிற மெதுவான இன்னொரு அலை. ‘வா வா வா’ என்று சொல்லும்போது உங்கள் வாய் என்ன செய்கிறதோ அதுதான். வில்லுப்பாட்டில் குடக்காரர் பத்தி என்கிற மட்டையால் குடத்து வாயில் அடிக்கிறாரே, அந்தக் ‘கும்’மை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் ஆவணியில் ஒரு சுடலைமாடன் கொடைக்கு ரேடியோ செட் போட்டிருந்தேன். என் அக்கா மகன் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். கொடைக்கு வந்தவன் மத்தியானம் செட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மாமா, இதைக் கொஞ்சம் போடுங்க” என்று செல்போனை நீட்டினான். போட்டேன். வேப்பமரத்தில் நாலு கோன் குழாய் கட்டியிருந்தேன். குழாயில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. ‘டிக்கு டிக்கு’ என்று ஏதோ வந்தது, நடுவில் பெரிய பெரிய இடைவெளி. பொங்கல் விட்டுக்கொண்டிருந்த பெண்கள் செட்டு ரிப்பேர் என்று நினைத்துவிட்டார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து, “ஏல, கரண்டு ஒழுங்கா வருதா?” என்றார். பையனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அன்று ராத்திரிக் கச்சேரிக்காக 18 அங்குல பேஸ் பெட்டி இரண்டு வேனில் வந்து இறங்கியிருந்தது. சாயங்காலம், நையாண்டி மேளக்காரர்கள் காப்பி குடிக்கிற நேரம். “மருமகனே, இப்போ குடு” என்று வாங்கி அந்தப் பெட்டியில் விட்டேன். முதலில் ஒன்றும் இல்லை, லேசாக ஒரு தாளம். அப்புறம் ஒரு விநாடி எல்லாம் நின்றது. டிராப் என்கிற அடுத்த அடி விழுந்தபோது கொட்டகைத் தகரம் அத்தனையும் அதிர்ந்தது. மேளக்காரர்கள் பெஞ்சியில் எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன. ஒரு டம்ளர் மெதுவாகத் தானே நகர்ந்து விளிம்புக்கு வந்தது. யாரும் அதைத் தொடவில்லை. என் கண்ணால் பார்த்தேன். ஆச்சி சொன்ன அம்மி எனக்கு அன்றைக்குத்தான் நகர்ந்தது.

உறுமி வாசிக்கிற அண்ணாச்சிக்கு அப்போதே எழுபது வயசு இருக்கும். டம்ளரைப் பிடித்து நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, “தம்பி, இது நம்ம உறுமில்லா!” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. உறுமியைத் தோளில் மாட்டினார். வளைந்த குச்சியை இடது பக்கத் தோலில் வைத்து அழுத்தி இழுத்தார். ‘உர்ர்ம்ம்’ என்று பெட்டியில் புரண்ட அதே புரளல். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. பாட்டு முடிகிற வரைக்கும் கூடவே இழுத்தார். பையன் ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டான். கமிட்டிப் பெரியவர் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

நான் சொல்ல வந்தது இதுதான். கீழ்ச்சத்தம் நமக்குப் புதிதல்ல. கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல்கருவி இரண்டு உண்டு, உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. மந்தம் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம். ஆனால் அந்த மந்தத்தை நாம் பதிந்து வைக்கவில்லை. அந்த உறுமி அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் வாசிப்பில் என்னிடம் இருப்பது மருமகன் செல்போனில் எடுத்த நாலு நிமிஷம். கூட்டத்துப் பேச்சுச் சத்தமெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது, உறுமியின் அடிச்சத்தம் மட்டும் இல்லை. பேச்சுக்காகச் செய்த மைக் அது, கீழ்ச்சத்தத்தை வடிகட்டிவிட்டது. அவர் நாற்பது வருஷம் இழுத்த இழுப்பு போயே போயிற்று. குரோய்டன் பையன்கள் கையில் ஜமைக்காவின் பழைய தட்டுகள் இருந்தன, எடுத்துப் போட்டுக் கேட்டார்கள். நம் தம்பிகள் எதை எடுத்துக் கேட்பார்கள்?

மூன்றாவது செய்திக்கு நேரம் போதாது, தலைவர் அண்ணாச்சி மணியைப் பார்க்கிறார். 2010-இல் ஸ்க்ரில்லெக்ஸ் என்கிற அமெரிக்க இளைஞர் அந்தப் புரளலைக் கிழிசல் சத்தமாக மேலே தூக்கினார், 2012-இல் மூன்று கிராமி விருது வாங்கினார் என்பதோடு அதை விடுகிறேன். எனக்குப் பழைய லண்டன் சத்தம்தான் பிடிக்கும். பரியல் என்பவர் 2007-இல் வெளியிட்ட ‘அன்ட்ரூ’ தொகுப்பை ராத்திரி ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

இனி வேண்டுகோள். இந்த நூலகத்து மாடியில் ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். அதை ஒரு ஒலிப்பதிவு அறையாக மாற்றித் தர வேண்டும். சுவரில் கோரைப்பாயும் பழைய மெத்தையும் அடித்தால் எதிரொலி பெருமளவு அடங்கும், பாய்க்குப் பத்தமடை பக்கத்தில்தான் இருக்கிறது. கீழ்ச்சத்தம் பிடிக்கிற மைக் இரண்டு, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். உறுமி, பம்பை, மகுடம், குடம், உடுக்கை என்று ஒவ்வொன்றாக, தனித்தனியாகப் பதிவோம். அதை எந்தத் தம்பி கேட்டாலும், எந்தத் தங்கை கேட்டாலும் புத்தகம் மாதிரி எடுத்துப் போகட்டும். டப்ஸ்டெப் செய்யட்டும், வேறு எதையும் செய்யட்டும். வாசித்தவர் பெயரைப் போட்டு, அவருக்குரிய சன்மானத்தையும் கொடுத்துவிட வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கவுன்சிலர் அவர்களே, இதை நான் கேட்பது நான்காவது தடவை. ஐந்தாவது தடவையும் கேட்பேன். ஆச்சி சொன்ன பழமொழி உங்களுக்குத் தெரியும்.

மனு எழுதிய நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. போகிறபோது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். மந்த மகுடம் வாசிக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் பேசிவிட்டேன், கொடைக்காலம் முடிந்ததும் வருகிறேன் என்றார். மைக் என் கடையிலிருந்து கொண்டுவருகிறேன். மாடி அறைச் சாவி மட்டும் வேண்டும். வணக்கம்.