சட்லைட் வேறு, மெப் வேறு

வணக்கம் நேயர்களே. காரின் டாஷ்போர்ட்டில் வழி காட்டுவதற்கென்று ஒரு திரை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். தொழிலில் நான் நில அளவையாளன். வரைபடம் என்று தொடங்கினால் எனக்கு இலேசில் நிறுத்த வராது. நிலையத்தார் தந்திருக்கும் நேரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

என் தொழில் தெரிந்தவர்கள் கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்பார்கள்: "கார் மெப்பை அப்டேட் செய்ய எவ்வளவு காசு முடியும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கார் எங்கிருந்து வந்தது?

கொழும்பு வீதியில் ஓடும் அக்குவா, ப்ரியஸ், விட்ஸ், வெசல் எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை ஜப்பானில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்றவை. அவர்களும் நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் ஸ்டியரிங் நமக்குச் சரியாக இருக்கிறது. திரை அப்படியல்ல. அதற்குள் இருப்பது ஜப்பான் வரைபடம் மட்டும். ஒசாக்காவில் ஒரு சந்துக்கு அது உங்களைக் கொண்டுபோய்விடும். வெள்ளவத்தைச் சந்தையை அதில் தேடினால் கிடைக்காது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். "ஜீபிஎஸ் வேலை செய்கிறதே, அப்போ மெப் ஏன் வராது?" சட்லைட் வேறு, மெப் வேறு. ஜீபிஎஸ் சட்லைட்டுகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றுகின்றன. அவை அனுப்புவது நேரமும், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்ற தகவலும்தான். குறைந்தது நான்கு சட்லைட்டுகளின் சமிக்ஞை கிடைத்தால், உங்கள் செட், அதாவது அந்தத் திரையோடு சேர்ந்த கருவி, தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்த இடத்தில் ஒழுங்கை இருக்கிறதா, வயல் இருக்கிறதா என்பது சட்லைட்டுக்குத் தெரியாது. அது செட்டுக்குள் இருக்கும் மெமரி கார்டில் எழுதி வைத்த விஷயம். போன வருடப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்திருந்தாலும் சூரியன் ஒழுங்காகத்தான் உதிக்கும், தைப்பூசம்தான் பிழைக்கும். இதுவும் அதே கதை.

ஆகவே அந்த ஜப்பான் செட்டை "அப்டேட்" செய்தால் கிடைப்பது என்ன? புதிய ஜப்பான் மெப். அதற்குக் காசு கட்டியவர்களும் இருக்கிறார்கள். யாராவது இலங்கை மெப் போட்டுத் தருகிறேன் என்றால், அநேகமாக அவர் பழைய செட்டைக் கழற்றிவிட்டு வேறொரு அண்ட்ரொய்ட் செட்டைப் பூட்டப்போகிறார். அதில் தவறில்லை. ஆனால் காசு கொடுக்க முதல், "இணையத்தை நிறுத்திவிட்டு வெள்ளவத்தை ஹம்டன் லேனைத் தேடிக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். காட்டினால் கொடுங்கள்.

அந்தக் கார்டைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒருவர், வடிவாகப் பார்த்து ஒரு ஜப்பான் கார் வாங்கினார். அவருடைய மகனுக்குப் பள்ளிக்கூட மெட்ச் ஒன்றை வீடியோ எடுக்க மெமரி கார்ட் தேவைப்பட்டிருக்கிறது. பெடியன் காருக்குள் தேடி, செட்டுக்குப் பின்னால் செருகியிருந்த கார்டை இழுத்தெடுத்து, கமெராவில் போட்டு, அழித்து, மெட்ச்சையும் எடுத்து முடித்துவிட்டான். செட் ஒன்றும் பெரிதாக முறைப்பாடு செய்யவில்லை. ரேடியோ பாடியது, ரிவேர்ஸ் கமெரா தெரிந்தது. மாதங்கள் போயின. பிறகு ஒருநாள் பற்றரி இறந்தது. கராஜில் மெக்கானிக் பாஸ் பற்றரியை மாற்றினார். திரை எழும்பியது, ஜப்பானிய எழுத்தில் இரண்டு வரி காட்டியது, அவ்வளவுதான். பாட்டு இல்லை, கமெரா இல்லை.

எனக்குப் போன் வந்தது. "அண்ணை, பாஸ் ஏதோ வயரை மாறிக் கொழுவிப்போட்டான்." பாஸ் பாவம், அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். சில செட்டுகள் பற்றரியைக் கழற்றிப் பூட்டியதும் தங்களுடைய மெப் கார்டைக் கேட்கும். களவெடுத்த செட்டை வேறு காரில் பாவிக்கக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. அதோடு, கார்டும் செட்டும் சோடி. பக்கத்து வீட்டுக்காரரின் கார்டைச் செருகினால் திறக்காது. மகனைக் கேட்டார்கள். அவன் சொன்னான்: "அதில சும்மா ஏதோ ஜப்பான் பைல்தானே கிடந்தது?" பெடியன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு உதவியும் செய்யாத மெப்தான். ஆனால் அது மெப்பாக வேலை செய்யவில்லை, திறப்பாக வேலை செய்துகொண்டிருந்தது. கடைசியில் பஞ்சிகாவத்தையில் வேறு செட் வாங்கிப் பூட்டினார்கள்.

ஆகவே நேயர்களே, மெப் பிரயோசனமில்லை என்றாலும் கார்டை எடுக்காதீர்கள். இரண்டாம் கையாகக் கார் வாங்கும்போது, கார்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திரும்பவும் சொல்கிறேன், கார்டை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஜப்பான் காரில் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் அந்த ரேடியோவின் பின்னால், நம் அலைவரிசையை அது பிடிக்கும் எல்லைக்குள் இறக்கிக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கும். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90 வரை, பிற்பாடு 95 வரை. நம்முடையது 108 வரை போகிறது. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் நான் இவ்வளவு நேரமும் பேசியது உங்களுக்கு வந்தே இருக்காது.

சரி, முகவரிடம் புதிதாக வாங்கிய கார், இலங்கை மெப்போடு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை ஏன் புதுப்பிக்க வேண்டும்? 2010இல் செய்த மெப்போடு கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறுங்கள். உங்கள் அம்புக்குறி காலி வரைக்கும் ரோட்டே இல்லாத வெறும் நிலத்தில் போகும், ஏனென்றால் அந்தப் பாதை திறந்தது 2011 நவம்பரில். மாத்தறைக்கு அப்பால் ஹம்பாந்தோட்டைப் பக்கம் 2020இல் திறந்தது. புதிய களனிப் பாலம் 2021 நவம்பர். மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான அதிவேகப் பாதை 2022 ஜனவரி. துறைமுக நகரத்துக்குள் போனால், பழைய மெப் உங்களைக் கடலுக்குள் காட்டும். 269 ஹெக்டெயர் கடலை நிரப்பியது அதற்கு எப்படித் தெரியும்? சட்லைட் இடத்தைச் சரியாகத்தான் சொல்கிறது. சட்லைட் வேறு, மெப் வேறு.

புது ரோட்டைக் கூடக் கண்ணால் கண்டுவிடலாம். எனக்குப் பயம் ஒருவழிப் பாதைகளில். நேற்று வரை இருவழியாக இருந்த தெருவில் இன்று பலகை நட்டிருப்பார்கள். பழைய மெப் உங்களை எதிரே அனுப்பும். திரைக்கும் பலகைக்கும் சண்டை வந்தால் பலகை பக்கம் நில்லுங்கள். பெயர்களும் அப்படித்தான். நாம் டுப்ளிகேஷன் ரோட் என்போம், மெப் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்னும். நாம் புல்லர்ஸ் ரோட் என்போம், அது பௌத்தாலோக மாவத்தையைத் தேடச் சொல்லும். திரையில் தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள். இதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு மணித்தியாலம் பேசலாம், விடுங்கள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரின் கையேட்டில் உள்ளபடி, தயாரித்த நிறுவனம் தரும் பைலை யூஎஸ்பியில் இறக்கிச் செருக வேண்டும். பைல் பெரிது, கனநேரம் எடுக்கும். இடையில் காரை அணைக்கவோ யூஎஸ்பியை இழுக்கவோ கூடாது. ஓடிக்கொண்டே அப்டேட் ஆகும் செட் என்றால், யாழ்ப்பாணம் போகும் பயணத்தில் செருகிவிடுங்கள். நிறுத்தி வைத்துச் செய்வதென்றால் வெளியே, காற்றோட்டமாக. தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டாம். புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். ஹைபிரிட் கார் என்றாலும் அதன் எஞ்சின் தானாக எழும்பும், கவனம்.

அப்புறம், ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்று 2004இல் தொடங்கிய இணைய வரைபடம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஒழுங்கையை நீங்களே அதில் திருத்தலாம், இலவசமாக. அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்து வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். இணையம் இல்லாமல் பாவிக்கக்கூடிய இலங்கை மெப்பை அதிலிருந்து எடுத்துத் தரும் செயலிகள் இருக்கின்றன. தூரப் பயணத்துக்கு முதல் வீட்டு வைஃபையில் போனுக்கு இறக்கி வையுங்கள். மிச்சம் இன்னொரு நாள். நன்றி, வணக்கம்.