நிலா சொன்ன பாடவேளை

ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, வணக்கம்.

தைவானின் நடுமலைகளில் வாழும் புனுன் மக்கள் ஒரு கதை சொல்வார்கள். ஒரு காலத்தில் வானத்தில் இரண்டு சூரியன்கள் இருந்தன. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும், இரவே கிடையாது. புனத்தில் வேலையாக இருந்த தாய்தகப்பன் ஓரமாகக் கிடத்தியிருந்த பிள்ளை, வெயிலில் காய்ந்து பல்லியாகிப் போனது. தகப்பன் வில்லெடுத்து நெடுந்தூரம் நடந்து போய், ஒரு சூரியனின் கண்ணில் அம்பெய்தான். ஒளி மங்கி அது நிலாவானது. அந்த நிலா அவனிடம் சொன்னதாம்: "இனி நான் வளர்வதையும் தேய்வதையும் பார்த்து உங்கள் சடங்குகளைச் செய்யுங்கள்."

அவர்களுடைய காலக்கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. தினை விதைக்க ஒரு பிறை, களையெடுக்க ஒரு பிறை, அறுக்க ஒரு பிறை. இதை மரப்பலகையில் குறிகளாக வரைந்தும் வைத்திருந்தார்கள். தினை என்றால், நம் குறிஞ்சிப் பாட்டுகளில் கிளி கொத்த வருமே, அதே தினைதான்.

பள்ளிக்கூடம் அவர்களிடம் போனபோது இந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. ஜப்பான் ஆண்ட காலத்தில் முதலில் ஜப்பானிய மொழி, பிறகு மாண்டரின் என்கிற சீன மொழி. வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளைக்குத் தண்டனை. என்னால் இதை ஆறிய மனத்தோடு சொல்ல முடியவில்லை.

2009 ஆகஸ்டில் மோராகொட் சூறாவளி வந்தது. புனுன் மக்கள் வாழும் நமாசியா பள்ளத்தாக்கில் மலையே சரிந்து இறங்கியது. ஊரை இழந்தவர்களில் பலர் கீழே ஷான்லினில் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு வந்தார்கள். அவர்களுடைய தொடக்கப் பள்ளியும் கூடவே இடம்பெயர்ந்தது. மலையும் புனமும் கைவிட்டுப் போன பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது? 2014இல் தைவான் பரிசோதனைக் கல்விக்கு, அதாவது வழக்கமான பாடத்திட்டத்தை விட்டுத் தனி வழியில் கற்பிப்பதற்கு, சட்டம் இயற்றியது. அந்த வழியில் இந்தப் பள்ளி புனுன் பள்ளியாக மாறியது. பாநான்ஹுவா என்பது அதன் இன்றைய பெயர். பாடத்திட்டத்துக்கு முதுகெலும்பு தினையின் ஆண்டு, சடங்குகளின் ஆண்டு. மாண்டரினும் கணக்கும் உண்டு. அவை தாய்மொழியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருவதில்லை.

பசிபுத்புத் என்று தினைக்காக ஒரு வேண்டுதல் பாட்டு இருக்கிறது. ஆண்கள் வட்டமாக நின்று, பக்கத்தில் நிற்பவர்களின் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொள்வார்கள். சொல்லே இல்லாத பாட்டு. அடித்தொண்டையில் எழும் குரல் கொஞ்சங் கொஞ்சமாக மேலே ஏறும். மற்றக் குரல்கள் வந்து அதோடு இழையும். குரல்கள் இசைந்தால்தான் கதிர் நன்றாகப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. ஒருவர் குரல் மட்டும் ஓங்கினால் பாட்டு கெட்டுவிடும். முதல் மதிப்பெண்ணுக்கு மாலை போடுகிற நாம் இதைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

களையெடுத்து முடிந்ததும், ஏப்ரல், மே வாக்கில், காது எய்யும் விழா வரும். வேட்டையில் கிடைத்த மானின் காதைக் குறியாகத் தொங்கவிடுவார்கள். வில்லைத் தூக்கவே பலமில்லாத சின்னப் பையனும் எய்ய வேண்டும். பெரியவர் ஒருவர் பின்னால் குனிந்து, அவன் விரல்மேல் தன் விரலை வைத்து நாணை இழுப்பார். குறி கிட்டத்திலேயே இருக்கும். அம்பு காதில் தைக்கும்வரை அவர் கையை எடுப்பதில்லை.