சாதனை ஓட்டத்தில் வேகத்தை விட முக்கியமான ஒன்று | திருகோணமலை மக்கெய்சர் மைதானத்திலிருந்து

வணக்கம் உறவுகளே! மக்கெய்சர் மைதானத்தில் நிற்கிறேன். பின்னால் பிள்ளைகள் ஓடுகிறார்கள், தெரிகிறதா? இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறதென்றால் பின்னேரங்களில் இந்தப் பக்கம் களைகட்டிவிடும்.

இவர்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் இன்றைக்குப் பேச வந்தேன். அந்தத் தம்பி 100 மீற்றரின் கடைசியில் பல்லைக் கடித்து, தோளை இறுக்கி, முழு உடம்பையும் முறுக்கிக்கொண்டு ஓடினார். இன்னும் வேகம் எடுக்கலாம் என்று நினைக்கிறார். ஆனால் அந்த இடத்தில் யாராலும் வேகம் எடுக்க முடியாது. உசைன் போல்ட்டாலும் முடியவில்லை.

2009இல் பேர்லினில் அவர் 9.58 செக்கனில் ஓடினாரே, அதைத் துண்டு துண்டாக அளந்து வைத்திருக்கிறார்கள். முதல் 20 மீற்றருக்கு 2.89 செக்கன். 60இலிருந்து 80 வரை 1.61, மணிக்கு 44 கிலோமீற்றருக்கும் மேல்! கடைசி 20 மீற்றருக்கு 1.66. அதாவது உலக சாதனை ஓட்டத்திலும் முடிவில் வேகம் குறைந்துதான் இருக்கிறது. மற்றவர்களுக்கு இன்னும் கூடக் குறைந்தது, அவ்வளவுதான். அந்த வீடியோவில் அவருடைய முகத்தைப் பாருங்கள், கன்னம் தளர்ந்து ஆடும். உடம்பை இறுக்கினால் காலை முன்னால் தள்ளுகிற தசையோடு பின்னால் பிடிக்கிற தசையும் சேர்ந்து இறுகும். தம்பிமாரே, தோளைத் தளர்த்துங்கள்.

இன்னொன்று, காற்று. கச்சான் அடிக்கிற நாளில் முதுகுக்குக் காற்றை வாங்கி ஓடினால் நேரம் நன்றாகத்தான் வரும். சாதனைக்கு அது செல்லாது. பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டக்கூடாது. பார்படோஸின் ஒபடெலே தொம்சன் 1996லேயே 9.69 ஓடினார், காற்று 5 மீற்றருக்கு மேல் இருந்ததால் அது ஏட்டில் ஏறவில்லை. போல்ட்டுக்கு அன்று 0.9 தான். நம் நாட்டு யுபுன் அபேகோன் 2022இல் சுவிற்சர்லாந்தில் ஓடிய 9.96 சரியான காற்றில் வந்த நேரம். 10 செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியர் அவர்தான். எனக்கு அதில் பெரிய பெருமை!

சரி, 800 மீற்றருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த ஓட்டம் 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதி. கென்யாவின் டேவிட் ருடிஷா, வேகம் பிடித்துக் கொடுக்க ஆளே இல்லாமல், தொடக்கத்திலிருந்து தானே முன்னால் போனார். முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. மொத்தம் 1 நிமிடம் 40.91, உலக சாதனை. அவரைத் துரத்தியே எல்லாரும் வேகமாக ஓடிவிட்டார்கள். எட்டாவதாக, கடைசியாக வந்தவரின் நேரம் அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியிருக்கும்! இரண்டு சுற்றுக்கும் இடையில் 2 செக்கன் சொச்சம்தான் வித்தியாசம், அதைக் கவனியுங்கள். இங்கே பிள்ளைகள் முதல் வளைவிலேயே பறந்துவிட்டு, இரண்டாவது சுற்றில் காலை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். திறமை இல்லாமல் இல்லை. சுற்றைப் பங்கிட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மரதனில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2023இல் சிக்காகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். முதல் பாதி 60 நிமிடம் 48 செக்கன், இரண்டாம் பாதி 59 நிமிடம் 47. களைத்துப் போக வேண்டிய பாதியில் ஒரு நிமிடம் வேகமாக ஓடியிருக்கிறார்! அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கார் விபத்தில் இறந்துபோனார், 24 வயது. அதை இப்போது சொல்லும்போதும் மனது கனக்கிறது.

அவருடைய வேகம் எப்படிப்பட்டது என்று பார்க்க ஆசையா? 100 மீற்றரை 17 செக்கனில் ஓடிப் பாருங்கள். உங்களில் பலருக்கு முடியும். அப்புறம் அதே வேகத்தில் நிற்காமல் கந்தளாய் வரைக்கும் போக வேண்டும், கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்.

பிள்ளைகளைப் பழக்குகிற அண்ணாமார், அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். 800 ஓடவிடும்போது மொத்த நேரத்தை மட்டும் எடுக்காதீர்கள். முதல் சுற்றையும் இரண்டாவது சுற்றையும் தனித்தனியாக எழுதிப் பிள்ளையிடமே காட்டுங்கள். இடைவெளி 10 செக்கனுக்கு மேல் வந்தால், அடுத்த முறை முதல் சுற்றை 3 செக்கன் மெதுவாக ஓடச் சொல்லுங்கள்.